டிவி பெட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பதைக் கடைசியில் பாருங்கள்

டிவி வரும் அட்டைப்பெட்டியில் ‘4கே’ என்பது கொட்டை எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே ‘எச்டிஆர்’, அதாவது இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள இடைவெளியை அதிகமாகக் காட்டும் பட முறை. ஓரத்தில் ஏதோ ஒரு மூன்றிலக்க ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை முறை என்ற) கணக்கு. படம் நன்றாக இருக்குமா என்பதைத் தீர்மானிப்பவை வேறு. பேனல் (படம் தெரியும் திரைப்பலகை) என்ன வகை, பின்னால் எரியும் விளக்கை எத்தனை பகுதிகளாகத் தனித்தனியே மங்கச் செய்ய முடியும், வெளிச்சம் எத்தனை நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) போகும், நொடிக்கு எத்தனை முறை பேனல் நிஜமாகவே படத்தை மாற்றும். இவை பெரும்பாலும் பெட்டியில் இருக்காது; இருந்தால் பொடி எழுத்தில் இருக்கும்.

4கே வெறும் கணக்கு என்பதால் அதை முதலிலேயே தீர்த்துவிடலாம். 720பி என்றால் 1280×720, அதாவது 9,21,600 புள்ளிகள். முழு எச்டி 1920×1080, கிட்டத்தட்ட 20.7 லட்சம். 4கே 3840×2160, சுமார் 83 லட்சம். சின்ன அளவு ‘எச்டி ரெடி’ டிவிகளில் பெரும்பாலும் 1366×768 பேனல்தான். இது எந்த ஒளிபரப்போடும் ஒட்டாத எண். 720 வந்தால் இழுத்தும் 1080 வந்தால் சுருக்கியும்தான் அதனால் காட்ட முடியும். அதில் எழுத்துகளின் ஓரம் எப்போதும் கொஞ்சம் மசமசவென்று இருப்பதற்கு இதுதான் காரணம்.

சராசரியான நல்ல பார்வை, ஒரு பாகையின் 60-இல் ஒரு பங்கு வரை பிரித்தறியும். 55 இன்ச் திரையின் அகலம் சுமார் 122 செ.மீ. அதில் முழு எச்டி என்றால் ஒரு புள்ளி 0.63 மி.மீ. அகலம். 2.2 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அந்தப் புள்ளி கண்ணின் எல்லைக்கு வந்துவிடும். 4கே-யில் புள்ளி 0.32 மி.மீ. என்பதால் எல்லை 1.1 மீட்டர். எந்த அளவு திரைக்கும் பொருந்தும் சூத்திரமாகச் சொன்னால், முழு எச்டிக்குத் திரை உயரத்தைப் போல 3.2 மடங்கு, 4கே-க்கு 1.6 மடங்கு. 55 இன்ச் டிவியை 3 மீட்டரிலிருந்து பார்ப்பவருக்கு, அதே படம் 4கே-யில் வந்தாலும் முழு எச்டியில் வந்தாலும் கூர்மையில் பெரிய வித்தியாசம் தெரியாது. மெல்லிய கோடுகளையும் எழுத்துகளின் ஓரங்களையும் கண் இதைவிட நுணுக்கமாகவே பிடிக்கும் என்பதால் இது இரும்புச் சுவர் அல்ல. ஆனாலும் 4கே-யைப் போல நாலு மடங்கு புள்ளிகள் கொண்ட 8கே பற்றிப் பேச இதற்கு மேல் தேவையில்லை.

அப்படியானால் 4கே டிவி ஏன் பளிச்சென்று இருக்கிறது? நல்ல பேனல், நல்ல புராசஸர், 10-பிட் வண்ணம் (ஒவ்வொரு நிறத்துக்கும் அதிகப் படிகள்) எல்லாவற்றையும் நிறுவனங்கள் இப்போது பெரும்பாலும் 4கே மாடல்களில்தான் வைக்கின்றன. பாராட்டு புள்ளிகளுக்குப் போகிறது, வேலை செய்தது மற்றவை.

கருப்பு எவ்வளவு கருப்பு

முதலில் பெயர்க் குழப்பம். ‘எல்இடி டிவி’ என்று தனியாக ஒரு தொழில்நுட்பம் கிடையாது. அது எல்சிடிதான், பின்விளக்கு மட்டும் எல்இடி. ‘க்யூஎல்இடி’யும் அதே எல்சிடிதான். நீல விளக்குக்கு முன்னால் குவாண்டம் புள்ளிகள் பூசிய ஒரு படலம் கூடுதலாக இருக்கும். நீல ஒளியின் ஒரு பகுதியை அந்தத் துகள்கள் சுத்தமான சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றுவதால் வண்ணங்கள் அடர்த்தியாக வரும். இந்தத் துகள்களைக் கண்டுபிடித்து உருவாக்கியதற்குத்தான் 2023-இன் வேதியியல் நோபல் பரிசு. படலம் வண்ணத்துக்கு உதவும். கருப்புக்கு ஒன்றும் செய்யாது.

எல்சிடியில் விளக்கு பின்னால் எரிந்துகொண்டே இருக்கும். முன்னால் இருக்கும் திரவப் படிகங்கள் ஜன்னல் பலகை போலத் திறந்து மூடும். மூடிய பலகையிலும் ஒளி கசியும். எவ்வளவு கசிகிறது என்பதில்தான் ஐபிஎஸ், விஏ என்ற இரண்டு வகைகளும் பிரிகின்றன. ஐபிஎஸ் பேனலின் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், சுமார் 1000:1. விஏ-வில் 3000:1-இல் தொடங்கி 5000:1-ஐத் தாண்டும். வெள்ளை 100 நிட் இருக்கும்போது ஐபிஎஸ்-இன் ‘கருப்பு’ 0.1 நிட், விஏ-வில் அதில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் கீழோ. விளக்கு எரியும் அறையில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். விளக்கை அணைத்துவிட்டு ஓர் இரவுக் காட்சியைப் போட்டால் ஐபிஎஸ்-இல் வானம் சாம்பல் நிறத்தில் மிதக்கும்.

ஐபிஎஸ் எதற்கு என்றால், கோணத்துக்கு. விஏ பேனலைப் பக்கவாட்டில் 30 பாகைக்கு மேல் நகர்ந்து பார்த்தால் வண்ணம் வெளிறத் தொடங்கும். நீள அறையில் நாலு பேர் நாலு மூலையில் உட்கார்ந்து பார்க்கும் வீட்டுக்கு ஐபிஎஸ் தவறில்லை. சில விஏ பேனல்களில் கோணத்தை அகலமாக்கும் படலம் ஒட்டுவார்கள். அதற்கு விலையாகக் கான்ட்ராஸ்ட் குறையும். வாங்கும் இடத்திலேயே வகையைக் கண்டுபிடிக்க, இருண்ட காட்சி ஒன்றை நிறுத்தி வைத்துவிட்டுப் பக்கவாட்டுக்குப் போய்ப் பாருங்கள். முகங்களின் நிறம் வெளிறினால் விஏ. நிறம் நின்று, மூலைகளில் வெளுப்பு ஏறினால் ஐபிஎஸ். ஒரே மாடலில் ஒரு அளவுக்கு ஒரு வகை, இன்னொரு அளவுக்கு வேறு வகை என்று வருவதும் உண்டு. 43 இன்ச்சைப் பார்த்துவிட்டு 55-ஐ வாங்குவது அதனால் ஆபத்து.

கசிவைச் சமாளிக்க இருக்கும் முக்கிய வழி, இருட்டான இடத்தில் விளக்கையே மங்கச் செய்வது. விளக்குகள் விளிம்பில் மட்டும் இருந்தால் இது ஒப்புக்குத்தான் நடக்கும். திரையின் ஒரு மூலையில் நிலா வந்தால் மேலிருந்து கீழ்வரை ஒரு பட்டையே வெளிறும். பேனலுக்கு நேர் பின்னால் விளக்குகளைப் பரப்பிய டிவிகளில் வெளிச்சம் சீராக இருக்கும், ஆனால் மலிவானவற்றில் எல்லா விளக்குகளும் சேர்ந்தேதான் ஏறி இறங்கும். பரப்பிய விளக்குகளைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கட்டுப்படுத்துவதுதான் ‘ஃபுல் அரே லோக்கல் டிம்மிங்’. விளக்கைச் சிறிதாக்கிப் பகுதிகளை நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் கொண்டுபோனால் அது மினி எல்இடி.

ஆயிரம் பகுதி என்பது பெரிதாகத் தோன்றும். 83 லட்சம் புள்ளிகளை ஆயிரத்தால் வகுத்தால் ஒரு பகுதிக்கு 8,300 புள்ளிகள், கிட்டத்தட்ட 91×91 சதுரம். கருப்புப் பின்னணியில் ஒரு வெள்ளைச் சப்டைட்டில் வந்தால் அந்தச் சதுரங்கள் முழுக்க ஒளிர்ந்தாக வேண்டும். எழுத்தைச் சுற்றி ஒரு புகைமூட்டம் தெரிவது அதனால்தான். அதைத் தவிர்க்க விளக்கை அதிகமாக மங்கச் செய்தால் நட்சத்திரங்கள் காணாமல் போகும். எந்தப் பக்கம் சாய்வது என்பது அந்தந்த நிறுவனத்தின் மென்பொருளின் முடிவு. பகுதிகள் குறைவாக இருக்கும் ஒரு டிவி, அதிகம் இருக்கும் இன்னொன்றைவிட நன்றாகத் தெரிவது இப்படித்தான். ஐபிஎஸ் பேனலில் இந்தப் புகைமூட்டம் இன்னும் மோசமாக இருக்கும். பலகை சரியாக மூடாத வீட்டில் விளக்கை எப்படி மறைப்பது?

புள்ளியே விளக்கானால்

ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும். 2007-இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த எக்ஸ்இஎல்-1 தான் முதல் ஓஎல்இடி டிவி. 11 இன்ச், 960×540 மட்டுமே. எச்டிகூட இல்லை. ஆனாலும் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். படத்தின் தரத்தில் புள்ளி எண்ணிக்கைக்கு எந்த இடம் என்று கேட்பவர்களுக்கு அந்தச் சின்னப் பெட்டியைவிட நல்ல பதில் கிடையாது.

இப்போது வருபவற்றில் இரண்டு குடும்பங்கள். எல்ஜி டிஸ்ப்ளே தயாரிக்கும் வகையில் வெள்ளை ஒளி, அதன் மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள், கூடவே வடிகட்டி இல்லாத ஒரு வெள்ளைத் துணைப்புள்ளி. மிகப் பிரகாசமான இடங்களில் அந்த வெள்ளை கலப்பதால் வண்ணம் கொஞ்சம் வெளுக்கும். 2022-இல் டிவிகளில் வந்த சாம்சங் டிஸ்ப்ளேயின் க்யூடி-ஓஎல்இடியில் நீல ஒளியைக் குவாண்டம் புள்ளிகள் நிறம் மாற்றும். பிரகாசத்திலும் வண்ணம் வெளுக்காது. ஆனால் வெளியிலிருந்து விழும் ஒளியை விழுங்கும் போலரைசர் படலம் அதில் இல்லாததால் வெளிச்சமான அறையில் கருப்பு லேசான ஊதாச் சாம்பலாகத் தெரியும். பகலில் ஜன்னலுக்கு எதிரே மாட்டப் போகிறவர் இதை நேரில் பார்த்துவிட்டே முடிவு செய்ய வேண்டும்.

ஓஎல்இடியின் பலவீனம் முழுத்திரை வெளிச்சம். திரையில் பத்தில் ஒரு பங்கு மட்டும் வெள்ளையாக இருக்கும்போது நல்ல மாடல்கள் 1000 நிட்டைத் தாண்டும். பனிமலைக் காட்சி போலத் திரை முழுக்க வெள்ளையானால் மின்சாரத்தையும் சூட்டையும் கட்டுப்படுத்த டிவி தானாகவே வெளிச்சத்தை 200, 300 நிட் அளவுக்கு இறக்கிவிடும். இது பழுது அல்ல.

அடுத்தது தடம் பதிதல். பலர் நினைப்பதுபோல் படம் திரையில் ஒட்டிக்கொள்வதில்லை. ஒரே இடத்தில் மாதக்கணக்கில் எரிந்த புள்ளிகள் மற்றவற்றைவிடத் தேய்ந்துபோகின்றன. மங்கிய அந்த இடம்தான் தடமாகத் தெரிகிறது. சேனல் லோகோ, செய்திச் சேனலின் ஓடும் வரி, விளையாட்டில் மூலையில் நிற்கும் ஸ்கோர், கணினியின் டாஸ்க்பார் எல்லாம் எதிரிகள். நாள் முழுக்கச் செய்தி ஓடும் வீட்டுக்கு ஓஎல்இடி வேண்டாம். மற்றவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். எல்ஜி வகைப் பேனல், மொத்தமாக நாலு மணி நேரம் ஓடியதும், ரிமோட்டில் அணைத்த பிறகு சில நிமிடங்கள் தன்னைத்தானே அளந்து தேய்மானத்தைச் சரிசெய்துகொள்ளும். ரிமோட்டில் அணைத்த கையோடு சுவர் ஸ்விட்சையும் அணைக்கும் பழக்கம் இருந்தால் அந்த வேலை நடக்கவே நடக்காது. சில மாதங்களில் இருண்ட காட்சிகளில் செங்குத்துக் கோடுகள் தெரியத் தொடங்கும். ஏறத்தாழ 2000 மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் ஓடும் பெரிய சுத்திகரிப்பும் தானாகவே வரும். அதை மெனுவில் தேடிப்போய் அடிக்கடி ஓட்டாதீர்கள், பேனலுக்குத் தேவையில்லாத தேய்மானம்.

இன்னொரு விசித்திரம். ஓஎல்இடிக்கு மாறியதும் இணையத்தில் வரும் படங்களின் இருண்ட காட்சிகளில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்பார்கள். அந்தக் கட்டங்கள் முன்பும் இருந்தன. பழைய எல்சிடியின் கசிந்த ஒளி அவற்றை மூடி வைத்திருந்தது.

அசைந்தால் என்ன ஆகிறது

ஒரு பந்து திரையின் இடதிலிருந்து வலத்துக்கு இரண்டு நொடியில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். முழு எச்டியில் அது நொடிக்கு 960 புள்ளி வேகம். 60 ஹெர்ட்ஸ் திரை ஒவ்வொரு படத்தையும் 1/60 நொடி அசையாமல் பிடித்து வைக்கிறது. கண்ணோ பந்தைத் தொடர்ந்து நகர்ந்துகொண்டே இருக்கிறது. விளைவு, 16 புள்ளி அகலத்துக்கு மங்கல். 4கே திரையில் அதே பந்தின் வேகம் நொடிக்கு 1920 புள்ளி, மங்கல் 32 புள்ளி. அதாவது கேமரா நகர்ந்த மறுகணமே காசு கொடுத்து வாங்கிய கூடுதல் புள்ளிகள் கரைந்துவிடுகின்றன. ஓஎல்இடி புள்ளி ஒரு மில்லிநொடிக்குள் மாறிவிடும் என்றாலும் இந்த மங்கல் அதிலும் உண்டு. காரணம் வேகமின்மை அல்ல, பிடித்து வைத்தல். பழைய பிக்சர் டியூப் டிவியில் ஒவ்வொரு புள்ளியும் மின்னி உடனே மங்கிவிடும் என்பதால் அதில் ஓடும் பந்து தெளிவாக இருந்தது. பிளாஸ்மாவும் இதில் நன்றாகவே இருந்தது. 2014-ஓடு பெரிய நிறுவனங்கள் எல்லாம் அதைக் கைவிட்டுவிட்டன.

மங்கலைக் குறைக்க இரண்டு வழிகள். படங்களுக்கு நடுவே கருப்பைச் செருகுவது ஒன்று. மங்கல் குறையும், வெளிச்சம் பாதியாகும், சிலருக்குக் கண் வலிக்கும். இல்லாத படங்களைக் கணித்து நடுவில் நுழைப்பது மற்றொன்று. விளையாட்டுக்கு இது நல்லது. நொடிக்கு 24 படங்களாக எடுக்கப்பட்ட திரைப்படத்தில் போட்டால் சினிமா சீரியலாகிவிடும், வேகமான கை அசைவைச் சுற்றி நீர்க்குமிழி போல் படம் உடையும். ஒவ்வொரு நிறுவனமும் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கும். ‘மோஷன்’ என்ற சொல் வரும் மெனுவைத் தேடுங்கள். ஓஎல்இடியில் மட்டும் முழுவதுமாக அணைக்காமல் ஒன்றிரண்டு படி விட்டுவைக்கலாம். அதன் வேகத்தில் 24 படம் விட்டுவிட்டுத் துள்ளுவது போல் தெரியும்.

பெட்டியில் போட்டிருக்கும் ‘மோஷன் ரேட் 240’ போன்ற எண்களைக் கண்டுகொள்ளாதீர்கள். பேனலின் சொந்த வேகம் 60-ஆ 120-ஆ என்பது மட்டும் முக்கியம். 120-இல் 24 சரியாக ஐந்து மடங்காக அடங்கும். 60-இல் ஒரு படம் மூன்று முறை, அடுத்தது இரண்டு முறை என்று நொண்டும். மெதுவாகக் கேமரா திரும்பும் காட்சிகளில் வரும் வெட்டல் அந்த நொண்டல்தான்.

எச்டிஆர் ஸ்டிக்கர்

சாதாரண எச்டி படம் 100 நிட் வெளிச்சத்தை அளவுகோலாக வைத்துத் தயாரிக்கப்படுகிறது. எச்டிஆரின் அளவுகோல் 10,000 நிட் வரை போகும். நடைமுறையில் பெரும்பாலும் 1000 அல்லது 4000 நிட்டில் தயாரிக்கிறார்கள். 300 நிட் மட்டுமே தரும் டிவி அந்தச் சமிக்ஞையை ஏற்றுக்கொள்ளும், ஸ்டிக்கரும் ஒட்டிக்கொள்ளும். ஆனால் 1000-ஐ 300-க்குள் அடைக்க வேண்டியிருப்பதால் மொத்தப் படமும் இருண்டுபோகும், அல்லது மேகங்களின் விவரம் வெள்ளையில் கரையும். அப்படிப்பட்ட டிவியில் எச்டிஆர் படம் இருட்டாக இருக்கிறது என்றால் பிளேயரில் எச்டிஆரை அணைத்துவிட்டுச் சாதாரணமாகப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே நன்றாக இருக்கும். எச்டிஆர் தன் பெயருக்கு ஏற்றபடி தெரிய எல்சிடியில் 600 நிட்டாவது வேண்டும், அதோடு பகுதி பகுதியாக மங்கும் விளக்கும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் மற்றது வீண்.

10-பிட் விஷயத்தில் மட்டும் ஸ்டிக்கரைக் கொஞ்சம் மதிக்கலாம். 8-பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 10-பிட்டில் 1024. மாலை வானத்தில் நிறம் மாறும் இடம் பட்டை பட்டையாகத் தெரியாமல் வழுக்கிக்கொண்டு போவது இதனால்தான்.

சட்டியில் இருந்தால்தான்

நொடிக்கு 24 படம் ஓடும் 1080 காணொளியைச் சுருக்காமல் அனுப்பினால், வண்ண விவரத்தை வழக்கம்போல் கால்வாசியாக்கிய பிறகும், நொடிக்குச் சுமார் 600 மெகாபிட் வரும். ப்ளூ-ரே தட்டில் இது 30 மெகாபிட் சுற்றளவில் இருக்கும், 20 மடங்கு சுருக்கம். இணையத்தில் 5 மெகாபிட் என்றால் 120 மடங்கு. பெட்டியில் 1080 என்ற எண் இரண்டுக்கும் ஒன்றுதான். மழை, அலை, புகை, கூட்டம் போன்ற காட்சிகளில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே படம் என்றே சொல்ல மாட்டீர்கள். அதிகச் சுருக்கத்தில் வந்த 4கே-யைவிட நல்ல ப்ளூ-ரே தெளிவாக இருப்பதும் இதனால்தான். ‘1080i’ ஒளிபரப்பில் ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் தனித்தனியே வரும். அவற்றைச் சேர்க்கத் தெரியாத டிவியில் ஓடும் ஆட்டக்காரரின் ஓரம் சீப்புப் பல்லாகத் தெரியும். செட்டாப் பெட்டியின் வெளியீட்டை, எல்லா வரிகளும் சேர்ந்தே வரும் 1080பி-க்கு மாற்றிப் பாருங்கள். சில சமயம் டிவியைவிடப் பெட்டி அந்த வேலையை நன்றாகச் செய்யும்.

மாட்டிய அன்றே செய்ய வேண்டியவை

பிக்சர் மோடை ‘விவிட்’, ‘டைனமிக்’ ஆகியவற்றிலிருந்து ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ மோடுக்கு மாற்றுங்கள். முதல் இரண்டு நாள் எல்லாம் மஞ்சளாகத் தெரியும். நீலம் ஏறிய வெள்ளைக்குப் பழகிய கண் அது. மூன்றாம் நாள் பழைய மோடுக்குப் போனால் முகங்கள் நீலம் பாரித்துத் தெரியும். பிறகு ஷார்ப்னெஸ். சேனலில் எழுத்து நிற்கும்போது அதை ஏற்றுங்கள், எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு தோன்றும். அது மறையும் வரை இறக்குங்கள். பல டிவிகளில் அந்த இடம் பூஜ்யம், சிலவற்றில் நடு எண். மின்சேமிப்பு மோடை அணையுங்கள், அது இருக்கும்வரை மற்ற எந்தச் சரிசெய்தலும் நிலைக்காது. பட அளவு மெனுவில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்க்ரீன் ஃபிட்’, ‘1:1’ என்று எது இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் படத்தின் ஓரங்களை வெட்டிவிட்டு மீதியை இழுத்துக் காட்டும்; கூர்மை அங்கேயே போய்விடும்.

எச்டிஎம்ஐ-யில் இரண்டு பொறிகள். ஒன்று, கருப்பு அளவு. வீடியோ சாதனங்கள் 16 முதல் 235 வரையிலும் கணினிகள் பெரும்பாலும் 0 முதல் 255 வரையிலும் அனுப்பும். டிவி ஒன்றை எதிர்பார்த்து மற்றது வந்தால் நிழல்கள் தார் பூசியதுபோல் ஆகும், அல்லது படம் முழுக்கப் பனி படர்ந்ததுபோல் வெளிறும். இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் போதும். மற்றொன்று, 4கே எச்டிஆர் சாதனத்தைச் செருகிய பின்னும் எச்டிஆர் வராதது. பல டிவிகளில் அந்த போர்ட்டின் முழு அலைவரிசையும் மெனுவில் ‘என்ஹான்ஸ்டு’, ‘டீப் கலர்’ போன்ற பெயரில் அணைந்திருக்கும், போர்ட் வாரியாக ஏற்ற வேண்டும். 4கே 120 ஹெர்ட்ஸுக்கு எச்டிஎம்ஐ 2.1 வேண்டும், நாலு போர்ட்டில் இரண்டில் மட்டும் அது இருக்கலாம். கேபிள் தகுதியில்லை என்றால் திரையில் பொறி பறக்கும், அல்லது நொடிக்கணக்கில் கருப்பாகும். படம் மங்காது, வண்ணம் குறையாது. விலை கூடிய கேபிள் கருப்பை ஆழமாக்கும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

கடைசியாக, ஒரு பென்டிரைவில் மூன்று படங்களைப் போட்டுக்கொள்ளுங்கள். முழுக் கருப்பு, 5 சதவீதச் சாம்பல், 50 சதவீதச் சாம்பல். அறையை இருட்டாக்கிக் கருப்பைப் போட்டால் மூலைகளின் கசிவும் அணையாமல் எப்போதும் எரியும் பழுதான புள்ளிகளும் தெரியும். 50 சதவீதத்தில் எல்சிடியின் அழுக்குத் திட்டுகள் தெரியும். பச்சை மைதானத்தின் மேல் கேமரா நகரும்போது கண்ணை உறுத்தப்போகிறவை இவைதான். திட்டு திரையின் நடுவில் இருந்தால் மாற்றித்தரும் கெடு முடிவதற்குள் திருப்பிக் கொடுங்கள், நாளாக நாளாக அது சரியாகாது. 5 சதவீதச் சாம்பலில் புது ஓஎல்இடியில் செங்குத்துக் கோடுகள் தெரிந்தால் மட்டும் அவசரப்பட வேண்டாம். சுவர் ஸ்விட்சைத் தொடாமல் நூறு மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். பல சமயம் அவை பாதிக்கு மேல் மறைந்திருக்கும்.